வெள்ளீயம் சொன்ன நேரம்

டெலிபோன் அலறியது.

பல் துலக்கிக்கொண்டிருந்த சுத்தக்காரி, வாய் நிறைய நுரையோடு ஓடிவந்து எடுத்தாள்.

சுத்தக்காரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வெள்ளீயத்தைச் சுத்திகரிக்கும் ஒரு தொழிற்சாலையில் அவள் கெமிஸ்ட். தகட்டில் கடுகளவு அழுக்கு இருந்தாலும், "எடுத்துட்டுப் போ! திரும்பப் போடு!" என்று குதிப்பாள். அதனால் ஆட்கள் முதுகுக்குப் பின்னால் சூட்டிய பட்டம் அது. முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவள் மேடம்தான்.

"ஹலோ?"

"மேடம்... வாட்ச்மேன் பேசறேன்..."

"காலங்காத்தால என்ன?"

"கிழக்கு ரூம் தொட்டியில... முதலாளி..."

"தொட்டிக்கு என்ன? லீக்கா?"

"தொட்டிக்கு ஒண்ணும் இல்ல மேடம். முதலாளிதான் தொட்டிக்குள்ள இருக்கார். குப்புற!"

சுத்தக்காரி நுரையை அப்படியே விழுங்கிவிட்டாள்.

"உயிர்...?"

"போய் ரொம்ப நேரமாச்சு. போலீஸ் வந்தாச்சு. இன்னொரு விஷயம் மேடம்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல..."

"சொல்லித் தொலைங்க!"

"உங்க தம்பியை ஜீப்புல ஏத்திட்டாங்க!"

ரிசீவர் கையிலிருந்து நழுவியது.

பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பாதி கேட்டிருந்தாள், மீதியை மகளின் முகத்தில் படித்துவிட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அழுகை வந்தது.

"அவன் அப்பா முகம் கூடச் சரியா பார்க்காத பிள்ளைடீ! நீதானே வளர்த்தே? நீதானே அந்த வேலையில கொண்டுபோய் சேர்த்தே? அவனைக் கூட்டிட்டு வா. இல்லன்னா நீயும் இந்தப் படி ஏறாதே!"

சுத்தக்காரி வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டினாள். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினாள்.

* * *

கிழக்கு அறைக்குள் செருப்பு போட்டு யாரும் நுழையக் கூடாது. அது சட்டம். அவள் போட்ட சட்டம்.

இன்று உள்ளே ஏகப்பட்ட பூட்ஸ்கள்!

உடலை வெளியே எடுத்துத் துணி போர்த்தியிருந்தார்கள். துணிக்கு வெளியே ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. முதலாளியின் கைக்கடிகாரம் ஆசிட்டில் கிடந்து முள் கூடத் தெரியாமல் கறுத்துப் போயிருந்தது. தொட்டியில் கஷாய நிறத் தண்ணீர் அசையாமல் நின்றது. அதில் வரிசையாகத் தொங்கின வெள்ளீயத் தகடுகள்.

இன்ஸ்பெக்டர் குச்சி போல ஒல்லி. கன்னத்தில் ஒரு பெப்பர்மின்டை ஒதுக்கிவைத்துக்கொண்டே பேசினார்.

"நீங்கதான் அந்தப் பையனோட அக்காவா?"

"நான் கெமிஸ்ட்."

"ரெண்டும் ஒருத்தர்தானே?"

"என் தம்பி எங்க சார்?"

"ஜீப்ல. பிஸ்கட் கொடுத்தோம். வேண்டாம்னுட்டான்."

"அவன் இதைப் பண்ணல சார்!"

"எல்லா அக்காவும் இதைத்தான் சொல்றாங்க. என் சர்வீஸ்ல ஒரு அக்கா கூட 'ஆமா சார், அவன் செய்யக்கூடிய ஆள்தான்'னு சொன்னதில்ல."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பெரிய மீசை வைத்த கான்ஸ்டபிள் ஒருவர் தொட்டியிலிருந்து எட்டவே நின்றார்.

"சார், அந்தப் பெட்டியில ஆயிரக்கணக்குல ஆம்ப்னு போட்டிருக்கு. கரண்ட் அடிச்சே ஆள் போயிருப்பார்."

"அடிக்காது," என்றாள் சுத்தக்காரி. "ஆம்ப்தான் ஜாஸ்தி. வோல்ட் டார்ச் செல்லை விடக் கம்மி. கையை விட்டுப் பாருங்க, கூசக்கூட கூசாது."

"எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு மேடம்," என்று மீசை இன்னும் ஓர் அடி பின்னால் போனார்.

இன்ஸ்பெக்டர் பெப்பர்மின்டை அடுத்த கன்னத்துக்கு மாற்றினார்.

"கரண்ட் இல்ல. மண்டையில அடி. தொட்டி மேல போகுதே தாமிரக் கம்பி, அதுல மோதியிருக்கு. சட்டைப் பட்டன் தெறிச்சிருக்கு. யாரோ மார்ல கை வெச்சு ஒரே தள்ளு! முதலாளி தகட்டு மேல விழுந்திருக்கார், கம்பியும் கம்பியும் உரசி கரண்ட் அவிஞ்சிருக்கு. அலாரம் ஒயரை எவனோ பிடுங்கிப் போட்டிருக்கான்."

"எப்ப?"

"அதுதான் வம்பு! உடம்புச் சூட்டை வெச்சுத்தான் டாக்டர் நேரம் சொல்வார். இங்க தண்ணியே வெதுவெதுன்னு இருக்கு. ஊறப்போட்ட மாதிரி ஆயிடுச்சு. நேத்து காலையிலயும் இருக்கலாம், ராத்திரியும் இருக்கலாம்னு டாக்டர் கையை விரிச்சுட்டார்."

"முதலாளியை யாரும் பார்க்கலையா?"

"காலையில கேபினுக்குள்ள போனதைப் பார்த்திருக்காங்க. கேபினுக்குப் பின்பக்கம் தனி வழி. எப்ப போவார், எப்ப வருவார், ஆண்டவனுக்கே வெளிச்சம். வீட்டுல கேட்டா, வாரத்துல பாதி நாள் அங்கதான் தூங்குவார்னு அந்தம்மா சொல்றாங்க."

"அப்ப எதுக்கு என் தம்பியைப் பிடிச்சீங்க?"

"பகல் ஷிஃப்ட் போர்மேன். நாலு மணிக்கு மேல விடியற வரைக்கும் உங்க தம்பி, தனியா. போர்மேன் என்ன சொல்றார்? 'நாலு மணிக்குக் கிழக்கு ரூம் ஜம்முனு ஓடிட்டு இருந்துச்சு, ஒப்படைச்சுட்டுப் போனேன்.' உங்க தம்பி என்ன சொல்றான்? 'நான் வந்தப்பவே அது அணைஞ்சு கிடந்துச்சு. போர்மேன்தான் உள்ள போகாதேன்னார், போகல.' ரெண்டுல ஒண்ணு புளுகு. பொணத்தோட ராத்திரி பூரா இருந்தவன் உங்க தம்பி. மத்தியானம் கோர்ட்ல நிறுத்தப் போறேன்."

"போர்மேனை முதலாளி வேலையை விட்டுப் போகச் சொல்லிட்டார், தெரியுமா உங்களுக்கு?" அவள் குரல் உயர்ந்தது. "முந்தாநாள் வாசல்ல நின்னு, 'உன்னை உருக்கி ஊத்திடுவேன்'னு போர்மேன் முதலாளியைப் பார்த்துக் கத்தினார். அத்தனை பேரும் கேட்டாங்க!"

"கேட்டேன். கோபத்துல கத்தறவன் எல்லாம் கொலை பண்ணினா, என் வீட்டுல நான் எப்பவோ செத்திருக்கணும். எனக்கு வேண்டியது நேரம், மேடம். எப்ப விழுந்தார்? அதை யார் சொல்வா?"

சுத்தக்காரி தொட்டியைப் பார்த்தாள்.

தொங்கிய தகடுகளைப் பார்த்தாள்.

அவள் கண்கள் விரிந்தன!

"இது சொல்லும் சார்!"

"எது?"

"வெள்ளீயம்!"

* * *

பரிசோதனைக்கூடத்தில் தராசைத் துடைத்து வைத்தாள். மீசை இரண்டு தகடுகளை இடுக்கியில் பிடித்து, பாம்பைத் தூக்கிவருவது போலத் தூக்கிவந்தார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "நான் கெமிஸ்ட்ரியில மூணு தடவை ஃபெயில் ஆனவன்."

"மட்டமான வெள்ளீயத்தை ஒரு பக்கம் பையில போட்டுத் தொங்கவிடுவோம். எதிர்ல மெல்லிசா ஒரு தகடு. நடுவுல ஆசிட் தண்ணி. கரண்ட் விட்டா, வெள்ளீயம் மட்டும் கரைஞ்சு நகர்ந்து வந்து இந்தத் தகட்டுல படியும். அழுக்கெல்லாம் அந்தப் பையிலயே சேறாத் தங்கிடும்."

"பலே! நல்லவன் மட்டும் இந்தப் பக்கம் வர்றான்."

"மேற்கு ரூம்ல ஒரு தடவை. அங்க சுத்தமானதை எடுத்து மறுபடி கிழக்கு ரூம்ல ஒரு தடவை. இங்க வர்றது கம்ப்யூட்டர் சிப்புக்குப் போகுது. இதுல துளி காரீயம் இருந்தாலும் வாங்கறவன் மூஞ்சியில விட்டெறிவான்."

"அது சரி... நேரம்?"

"ரெண்டு ரூம்லயும் கரண்ட் ஒரே அளவா ஓடும். மணிக்கு இவ்வளவுன்னு தகட்டோட எடை ஏறிக்கிட்டே போகும். முதலாளி விழுந்தார், கரண்ட் நின்னுது. எடையும் அதே நிமிஷம் நின்னுது! நேத்து காலையில எட்டு மணிக்கு இந்தத் தகட்டைத் தொங்கவிட்டாங்க. எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்த்தா..."

"எப்ப விழுந்தார்னு தெரிஞ்சுடும்!" இன்ஸ்பெக்டர் விசில் அடித்தார். "போடுங்க தராசுல!"

போட்டாள்.

முள் ஆடியது... ஆடியது... நின்றது.

அவள் பென்சிலால் மேஜையிலேயே கணக்குப் போட்டாள். இரண்டாவது தகட்டையும் போட்டாள். அதே கணக்கு!

"நாலு மணி நேரம்தான் ஏறியிருக்கு சார்! நாலே மணி நேரம்! மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் நின்னிருக்கு. அப்ப என் தம்பி வீட்டுல தூங்கிட்டு இருந்தான். எங்கம்மா எழுப்பி எழுப்பிப் பார்த்து அலுத்துப்போய் விட்டுட்டாங்க. பக்கத்து வீட்டுல கேளுங்க!"

"மத்தியானம்னா... போர்மேன் ஷிஃப்ட்."

"ஆட்கள் எல்லாம் சாப்பிடப் போயிருப்பாங்க. போர்மேன் மட்டும்தான் உள்ள இருப்பார். தகடு மாட்டினப்புறம் அவரைத் தவிர யாரும் கிழக்கு ரூமுக்குள்ள போறதில்ல."

இன்ஸ்பெக்டர் சற்று நேரம் பெப்பர்மின்டைச் சப்பினார்.

"யாராவது தகட்டை மாத்தி மாட்டியிருந்தா?"

"என் கண்ணுக்குத் தப்புமா சார்?"

"சுத்தம் பார்க்கற டெஸ்ட் ஒண்ணு இருக்காமே? நீங்க பார்க்காம ஒரு தகடு கூட வெளியில போகாதுன்னு ஊரே சொல்லுது. இதைப் பார்த்தாச்சா?"

சுத்தக்காரி ஒரு நொடி தடுமாறினாள்.

"அதுக்கு ரொம்ப நேரமாகும் சார். நீங்க மத்தியானம் கோர்ட்டுங்கறீங்க. எடையே போதும். கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

பத்து வருட வேலையில் முதல்முறையாக ஒரு தகட்டை டெஸ்ட் பண்ணாமல் விட்டாள். அவளுக்கே அது உறுத்தியது. ஆனாலும் பழக்கதோஷம்... தகட்டின் ஒரு மூலையைக் கத்தரியால் வெட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

மத்தியானம் போர்மேன் ஜீப்பில் ஏறினார்.

தம்பி இறங்கினான்!

* * *

வீட்டில் அம்மா அவனை விடவே இல்லை. தலையைத் தடவினாள். முதுகைத் தடவினாள். தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"அடிச்சாங்களாடா?"

"இல்லம்மா."

"மொறைச்சாங்களா?"

"மொறைச்சாங்க."

"நாசமாப் போக! சாப்பிடு, சாப்பிடு."

தம்பி சாப்பிட்டான். நன்றாகவே சாப்பிட்டான். நிமிர்ந்து அக்காவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான்.

"எனக்குத் தெரியும் அக்கா, நீ எடை போட்டுப் பார்ப்பேன்னு!"

சுத்தக்காரிக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிருக்க வேண்டும். குளிரவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி குடித்தாள். காலுக்கடியில் நெருப்பு வைத்தது போல வீட்டுக்குள்ளேயே சுற்றினாள்.

"ஏன்டீ இப்படி அலையறே? அதான் பிள்ளை வந்துட்டானே!" என்றாள் அம்மா.

"தொட்டியை அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்மா. போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

தொழிற்சாலை வாசலில் ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தாள். கையில் சாப்பாட்டு டப்பா. கண் இரண்டும் வீங்கியிருந்தன. போர்மேன் மனைவி!

"நீதானே அந்த எடை போட்டவ?"

சுத்தக்காரி தலை குனிந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் கத்துவார். நாள் பூரா கத்துவார். நான் கூட வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன். ஆனா ஒரு எலிப்பொறி வைக்கச் சொன்னா, எலியை வெளியில விட்டுட்டு வர்ற மனுஷன்மா அவர்! அவரா கொலை பண்ணுவார்? உன் தம்பி வெளியில வரணும்னு என் வீட்டுக்காரரைப் பிடிச்சு உள்ள தள்ளிட்டியே... நல்லா இரு!"

அந்த 'நல்லா இரு'வை விட ஒரு அறை விட்டிருக்கலாம். சுத்தக்காரி உள்ளே போனாள்.

பரிசோதனைக்கூடத்தில் மின்விசிறியைப் போட்டாள். நிறுத்தினாள். மேஜையைத் துடைத்தாள். மனசு நிலைகொள்ளாதபோது கைக்கு ஒரு வேலை வேண்டும் அவளுக்கு.

கை கோட்டுப் பைக்குள் போனது. அந்த மூலைத் துண்டு!

'சும்மா... பார்த்து வெச்சுடுவோம். நம்ம திருப்திக்கு.'

படிந்த வெள்ளீயத்தைச் சுரண்டி பீக்கரில் போட்டாள். ஆசிட் ஊற்றினாள். புகை வந்தது. கரைந்து தெளிந்ததை, அழுக்கின் அளவு சொல்லும் மெஷினில் கொடுத்தாள். அது முனகியபடி யோசித்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

டிக்!

திரையில் எண் விழுந்தது.

பார்த்தாள்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

காரீயம்! இருக்கவே கூடாத அளவு காரீயம்! கிழக்கு அறையில் இரண்டாவது தடவை சுத்தமான வெள்ளீயத்தில் இவ்வளவு காரீயம் வர வாய்ப்பே இல்லை. இது ஒரே ஒரு தடவை சுத்தமான சரக்கு. மேற்கு அறைச் சரக்கு!

"பீக்கர் அழுக்கா இருந்திருக்கும்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். "ஆமா. பீக்கர்தான்!"

புது பீக்கர் எடுத்தாள். ஏழெட்டுத் தடவை கழுவினாள். மீதித் துண்டிலிருந்து மறுபடி சுரண்டினாள். ஆசிட் பாட்டிலைக் கூடப் புதிதாகப் பிரித்தாள். மெஷின் யோசிக்கும்போது அவள் அறைக்குள் நடந்தாள். சுவர் வரை. கதவு வரை. மறுபடி சுவர் வரை. சாமி பேரெல்லாம் வாயில் வந்தது.

டிக்!

அதே எண்!

நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எவனோ மேற்கு அறையிலிருந்து தகடுகளைக் கொண்டுவந்து கிழக்குத் தொட்டியில் மாட்டியிருக்கிறான். மேற்கு அறையில் தகடு மாற்றியது நேற்று நான்கு மணிக்கு. அது நாலு மணி நேரம் எடை ஏறியிருந்தால்... எடுத்தது ராத்திரி எட்டு மணிக்கு! அப்போது உள்ளே இருந்தவன் ஒரே ஒருத்தன்தான்.

அவள் போனை எடுத்தாள். வைத்தாள். முகத்தை மூடிக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

மறுபடி எடுத்தாள்.

* * *

"அக்கா! என்ன இன்னும் இங்கயே உக்காந்திருக்கே?"

தம்பி வாசலில் நின்றான். புதுச் சட்டை. தலையெல்லாம் படிய வாரியிருந்தான்.

"அம்மா தேடறாங்க. நீயும் போன் பண்ணி வரச் சொன்னியாமே? வா, போகலாம்."

"கதவைச் சாத்திட்டு வாடா."

சாத்தினான். அவள் முகத்தைப் பார்த்தான். பார்வை பீக்கருக்குப் போனது, அங்கிருந்து திரைக்கு. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"டெஸ்ட் பண்ணினியா?"

"பண்ணினேன்."

"எதுக்கு? அதான் எடை போட்டு முடிச்சாச்சே! எடைதான் எல்லாம்னு நீதானே சொல்வே? சாப்பிடும்போது கூட, 'தகட்டோட எடைதான் கடிகாரம்'னு நீதானே அக்கா சொல்லிட்டே இருப்பே?"

"அதான் நான் எடை போடுவேன்னு தெரிஞ்சு மாத்தி மாட்டினே."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கிழக்கு ரூம் தகடெல்லாம் எங்கடா?"

"உருக்கி... மேற்கு ரூம் அடுக்குல சேர்த்துட்டேன். கட்டியாயிட்டா எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கு?"

"உனக்கு ஒண்ணு போல இருக்கு."

"வெள்ளையா பளபளன்னு இருக்கு! யாருக்கு வித்தியாசம் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்டா. எனக்கு அதுதான்டா வேலை!" அவள் எழுந்து அவன் எதிரில் வந்து நின்றாள். "ஏன்டா செஞ்சே?"

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டினான். சின்ன வயதில் மார்க் குறைந்தால் இப்படித்தான் ஆட்டுவான்.

"பையில தங்குதே சேறு... அதுல வெள்ளி இருக்குக்கா. வெளியில ஒருத்தன் வாங்கிக்கறான். கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டுப் போனேன். நேத்து ராத்திரி பையும் கையுமா முதலாளி பிடிச்சுட்டார். 'உங்க அக்காவும் கூட்டா?'ன்னு கேட்டார். எனக்குச் சுர்ருனு வந்துடுச்சு. தள்ளினேன்... சத்தியமா தள்ளினது மட்டும்தான்!"

"விழுந்ததும் தூக்கிவிட்டிருக்கலாமே? உயிர் இருந்திருக்குமேடா!"

"இருந்துச்சு. கையை ஆட்டினார்."

"அப்புறம்?"

"தூக்கிவிட்டா எல்லாத்தையும் சொல்லிடுவாரே!"

சுத்தக்காரி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் சோறு ஊட்டி வளர்த்த முகம்தான் அது. இப்போது அதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"போர்மேன் சம்சாரம் வாசல்ல நின்னு அழுதாங்க தம்பி."

"அவங்க அழட்டும். அம்மா அழக் கூடாது. நீ அதை மட்டும் யோசி!" அவன் துள்ளி எழுந்தான். "யாருக்கும் தெரியாது அக்கா. நீயும் நானும்தான். இந்தக் கழுதையை ஊத்திட்டா முடிஞ்சுது!"

சட்டென்று இரண்டு பீக்கரையும் பிடுங்கினான்!

"டேய்... வேண்டாம்டா!"

ஊற்றினான். குழாயைத் திறந்துவிட்டான். மீதியிருந்த மூலைத் துண்டையும் ஆசிட் பாட்டிலுக்குள் போட்டான். நுரைத்து, குமிழியிட்டு, கரைந்தே போனது. அவன் கையைத் தட்டிக்கொண்டான்.

"அவ்வளவுதான். இனிமே சாட்சியே கிடையாது. வா, வீட்டுக்குப் போகலாம்."

"இன்னும் ரெண்டு தகடு இருக்கு தம்பி," என்றது ஒரு குரல்.

பக்கத்துத் தராசு அறையின் கதவு திறந்தது.

குச்சி உடம்பு. கன்னத்தில் பெப்பர்மின்ட். இன்ஸ்பெக்டர்! பின்னால் மீசை.

தம்பியின் முகம் அவன் உருக்கும் சரக்கு நிறத்துக்கு வெளுத்தது.

"சார்... நீங்க..."

"தகடு ரெண்டும் ஸ்டேஷன் பீரோவுல பத்திரமா இருக்கு. மேற்கு அடுக்குல நீ ஊத்தின கட்டியும் இருக்கு. அங்க இருக்க வேண்டியதை விட அது ரொம்ப யோக்கியமா இருக்குமே! கிழக்குச் சரக்கு எங்க கிடந்தாலும் கண்டுபிடிச்சுடலாம்னு அக்கா போன்ல சொன்னாங்க." அவர் சுத்தக்காரி பக்கம் திரும்பினார். "நீங்க போன் பண்ணுவீங்கன்னு மத்தியானத்துலேர்ந்து காத்துட்டு இருந்தேன் மேடம்."

அவள் நிமிர்ந்தாள்.

"மத்தியானத்துலேர்ந்தா?"

"ஜீப்பு ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்ததுமே டாக்டர் கூப்பிட்டார். செத்தவர் வயித்துல பன்! அப்பத்தான் தின்ன பன். தெருமுனை பேக்கரிக்காரன்கிட்ட கேட்டேன். முதலாளி சாயந்தரம் ஆறு மணிக்கு வந்து ரெண்டு வெண்ணெய் பன் வாங்கிட்டுப் போனாராம். பன்னிரண்டு மணிக்குச் செத்தவர் ஆறு மணிக்கு எப்படி வருவார்? ஆவிக்கு வெண்ணெய் பன் எதுக்கு?"

"அப்ப... அப்பவே இவனைப் பிடிச்சிருக்கலாமே சார்?"

"எப்படி? நீங்க கையெழுத்துப் போட்ட எடை என் கையில இருக்கே! பேக்கரிக்காரன் சொல்றதைக் கோர்ட் நம்புமா, கெமிஸ்ட் சொல்றதை நம்புமா? உங்க எடையை உடைக்கணும்னா உங்களாலதான் முடியும். நீங்க மூலையை வெட்டிப் பையில போட்டதை ஜன்னல் கண்ணாடியில பார்த்தேன். தம்பியைக் காப்பாத்தணும்னு துடிச்சிட்டு இருந்தா, நீங்க எடையோட நிறுத்திப்பீங்க. தம்பி வெளியில வந்துட்டா..."

"சுத்தம் பார்ப்பேன்," என்றாள் அவள் மெதுவாக.

"பார்க்காம உங்களால தூங்க முடியாது! அதனாலதான் விட்டு வெச்சேன்."

"போர்மேன் அண்ணன்...?"

"ஸ்டேஷன்ல கேரம் ஆடிட்டு இருக்கார். எங்க ஆளுங்க மூணு பேரைத் தோற்கடிச்சுட்டார். சம்சாரத்துக்கு மட்டும் சொல்லல. சொல்லியிருந்தா அந்த அழுகை அவ்வளவு அசலா வந்திருக்காது." கொஞ்சம் தயங்கினார். "அதுக்கு நான் அந்தம்மாகிட்ட தனியா வாங்கிக் கட்டிக்கணும்."

மீசை விலங்கை எடுத்தார். தம்பி திமிறினான். கூச்சல் போட்டான். கடைசியில் அக்காவைப் பார்த்துச் சீறினான்.

"நீயெல்லாம் ஒரு அக்காவா? வரச் சொல்லி, உக்காரவெச்சு, மாட்டிவிட்டுட்டியே! மெஷின் ஏதோ ஒரு நம்பரைக் காட்டினா உடனே போலீஸா? நான் உன் கூடப் பொறந்தவன்கா! கூடப் பொறந்தவன்!"

சுத்தக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற எவனாவது இருந்தா முதல் தடவையே போன் பண்ணியிருப்பேன். கூடப் பொறந்தவனாச்சே... அதனாலதான்டா ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணினேன்!"